சேஜ்: ஷெல்லில் ஒரு விடை, ஸ்கிரிப்டில் வேறு விடை, ஏன்?

கேள்வி:
சேஜ் என்ற கணித மென்பொருளின் ஷெல்லில் (கட்டளை அடிக்கும் திரை), எண்ணைக் காரணிகளாகப் பிரிக்கும் ஃபேக்டர்(2^10-1) கொடுத்தால் 3 * 11 * 31 என்று வருகிறது. அதே வரியை கணக்கு.பை என்ற பைத்தான் கோப்பில் போட்டு, மேலே சேஜ்.ஆல் மொத்தத்தையும் இம்போர்ட் செய்து ஓட்டினால் 11 மட்டும்தான் வருகிறது. பிழைச்செய்தியே இல்லை. 1/3+1/6 அங்கே 1/2, இங்கே 0.5. எங்கே தப்பு?

பதில் 1:
சேஜில் கோளாறு இல்லை. ஷெல்லில் நீங்கள் அடிக்கும் வரி நேராகப் பைத்தானுக்குப் போவதில்லை. நடுவில் சேஜின் ப்ரீபார்ஸர் என்ற பகுதி அதைத் திருத்தி எழுதுகிறது. ^ என்பதை ** (பைத்தானின் அடுக்குக் குறி) ஆக்கும், 1/3 என்பதை இன்டீஜர்(1)/இன்டீஜர்(3) ஆக்கும்; இன்டீஜர் என்பது சேஜின் சொந்த முழு எண் வகை, வகுத்தால் பின்னமாகவே நிற்கும். .பை கோப்புக்கு அந்த வேலை நடக்காது. பைத்தானில் ^ என்றால் அடுக்கு அல்ல, பிட்வைஸ் எக்ஸார், அதாவது இரும இலக்கங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0 தருவது. அதிலும் கழித்தல்தான் முதலில் நடக்கும்: 10-1=9, பிறகு 2^9. இருமத்தில் 0010, 1001 இரண்டுக்கும் எக்ஸார் 1011, அதாவது 11. அது பகா எண், அப்படியே வந்துவிட்டது. பிழைச்செய்தி வராததுதான் இதில் ஆபத்து.

சுலபமான வழி: கோப்பின் பெயரைக் கணக்கு.சேஜ் என்று மாற்றி, டெர்மினலில் சேஜ் கட்டளைக்குப் பின் அந்தப் பெயரைக் கொடுங்கள். பக்கத்தில் கணக்கு.சேஜ்.பை என்று ஒன்று உருவாகும். திறந்து பாருங்கள், திருத்திய வரிகள் அப்படியே தெரியும். ஆனால் அதில் கை வைக்க வேண்டாம், அடுத்த முறை ஓட்டும்போது அழித்து எழுதப்படும். ஷெல் போல விடை தானாகத் திரையில் வராது, பிரிண்ட் போட வேண்டும்.

பதில் 2:
வேறு கோப்புகளிலிருந்து இம்போர்ட் செய்ய வேண்டியிருந்தால் .பை ஆகவே வைத்துக்கொள்ளுங்கள்; .சேஜ் கோப்பை நேரடியாக இம்போர்ட் செய்ய முடியாது, லோட் போன்ற சேஜ் கட்டளையால்தான் ஏற்ற முடியும். அப்போது அடுக்குக்கு **, பின்னத்துக்கு இன்டீஜர்(1)/3 என்று நீங்களே எழுத வேண்டும். எஃப்(எக்ஸ்)=எக்ஸ்^2 என்று சார்பு எழுதும் வசதியும் கிடையாது, சின்டாக்ஸ் பிழை வரும்.

கேள்வி கேட்டவர்:
.சேஜ் ஆக மாற்றியதும் இரண்டும் சரியாகிவிட்டன, நன்றி. ஆனால் ரேஞ்ச்(1,5) கொடுக்கும் ஐ, ஜே இரண்டையும் எடுத்து ஐ/ஜே கூட்டினால் இன்னும் தசமம்தான் வருகிறது.

பதில் 1:
ப்ரீபார்ஸர் மாற்றுவது கோப்பில் எழுத்தாக இருக்கும் எண்களை மட்டும். ரேஞ்ச் ஓடும்போது தருவது பைத்தானின் சாதாரண முழு எண். அப்படி இரண்டை வகுத்தால் தசமம்தான். ரேஞ்சுக்குப் பதில் எஸ்ரேஞ்ச்(1,5) அல்லது [1..4] போடுங்கள். [1..4] ப்ரீபார்ஸர் எழுத்துமுறை, .பை கோப்பில் செல்லாது.