டே கேர் நடத்துபவர்களே, ஃபீஸ் கணக்கில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கோவை, சரவணம்பட்டி:

வீட்டுக் கீழ்த்தளத்தில் டே கேர் நடத்துகிறேன். பெற்றோர் பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிக்காரர்கள். ஃபீஸுக்காகக் கெஞ்ச வேண்டி வருவது அபூர்வம்; மாத முதல் வாரத்தில் ஜிபேயில் விழுந்துவிடும். தலைவலி அப்புறம்தான். ஒரு மாதம் அப்பா போடுவார், ஒரு மாதம் அம்மா, அவசரத்துக்குத் தாத்தா. ஃபோனில் முன்பின் தெரியாத ஒரு பெயர் வந்து நிற்கும். நமக்குத் தெரிந்ததோ "குட்டிப் பாப்பாவோட அம்மா" மட்டும்.

போன மார்ச்சில் ஒரு அப்பா, "பிப்ரவரி, மார்ச் ரெண்டுமே கட்டிட்டேன். அப்புறம் எதுக்கு மேடம் பாக்கின்னு மெசேஜ்?" என்று ஃபோனை நீட்டினார். இரண்டு தடவை பணம் போயிருப்பது உண்மைதான். பிள்ளையைக் கூப்பிட வந்த மற்றவர்கள் எல்லாம் நிற்கிறார்கள், இவர் குரல் ஏறுகிறது. நான் நோட்டை எடுத்தேன். குழந்தைக்கு ஒரு பக்கம்: மேலே பெயர், சேர்ந்த தேதி, கொடுத்த முன்பணம். கீழே எந்த மாதத்து ஃபீஸ், எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது, யார் கணக்கிலிருந்து, யுபிஐ பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கம். ஜனவரி ஃபீஸுக்கு நேராக பிப்ரவரி 3 என்று இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் தாமதமாகக் கட்டியது அது. எண்ணைத் தம் ஃபோனிலேயே ஒப்பிட்டுப் பார்த்தார். அதற்கு மேல் பேச்சில்லை. சாயங்காலமே மார்ச் பணம் வந்தது, குறிப்பில் பிள்ளை பெயரும் மாதமும் போட்டு!

ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து நான் வரவு எழுதுவதில்லை. பேங்க் கணக்கில் ஏறியது தெரிந்த பிறகுதான் பேனாவைத் தொடுவேன். சிலருக்கு இது சங்கடமாக இருக்கும், இருக்கட்டும்.

மே மாதம் எல்லாரும் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள். முழு மாதமும் வராவிட்டால் பாதி ஃபீஸ் என்று சேர்க்கும்போதே படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். வாடகைக்கும் ஆயாமார் சம்பளத்துக்கும் கோடை விடுமுறை கிடையாதே.

திருப்பூர்:

எங்கள் பக்கம் மாதக் கணக்கே செல்லாது அக்கா. பனியன் கம்பெனியில் சனிக்கிழமைதான் சம்பளம், அதனால் ஃபீஸும் வாரம் வாரம்தான், முக்கால்வாசி ரொக்கம். மாதம் முடியட்டும் என்று விட்டால் அவர்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.

ஒடிசாவிலிருந்து வந்த ஒரு அம்மா, தமிழ் படிக்கத் தெரியாது. ரசீது கொடுத்தால் மடித்துப் புடவையில் செருகிக்கொள்வார், அடுத்த வாரம் அது துவைத்த துணியோடு போயிருக்கும். அவருக்காகத்தான் அட்டை போட்டேன். கெட்டி அட்டையில் வாரத்துக்கு ஒரு கட்டம். பணம் வந்தால் சிவப்பு மையில் சீல், வராவிட்டால் கட்டம் வெள்ளையாகவே இருக்கும். அட்டை அவரிடம், அதே கட்டங்கள் என் நோட்டிலும். ஆர்டர் இல்லாமல் கம்பெனி படுத்த சமயத்தில் தொடர்ந்து சில கட்டங்கள் வெள்ளை. நான் கேட்கவில்லை. வேலை சூடு பிடித்ததும் அவரே அட்டையை நீட்டி, வெள்ளைக் கட்டத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பணத்தை எண்ணி வைத்தார். இப்போது தமிழ்க்காரர்களும் அட்டைதான் கேட்கிறார்கள்.

ஷிப்மென்ட் நேரத்தில் ஓவர்டைம் போட்டு ராத்திரி எட்டு மணிக்கு வருவார்கள். அந்தக் கூடுதல் காசை அதே கட்டத்தில் சின்னதாக எழுதிவிடுவேன்.

சென்னை, ப்ளே ஸ்கூலும் டே கேரும் சேர்த்து நடத்துபவர்:

என் அனுபவம் ஜனவரி மாதத்து அனுபவம். ஆபீஸில் வரிக் கணக்குக்கு ஆதாரம் கேட்பார்கள், பெற்றோர் ரசீதுக்கு ஓடி வருவார்கள். பழைய வரி முறையில் வருமான வரிக் கழிவுக்கு (80சி என்று சொல்வோமே, அது) ப்ளே ஸ்கூல் டியூஷன் ஃபீஸைக் காட்டலாம் என்பது சரிதான். ஒருவர் சாப்பாடு, வேன், டே கேர் எல்லாவற்றையும் சேர்த்து, "மொத்தமா டியூஷன்னு எழுதிக் குடுங்க, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றார். நஷ்டம் இருக்கிறது. என் வரவுக் கணக்கு ஒன்று சொல்லும், ரசீது இன்னொன்று சொல்லும். முடியாது என்றதும் முகம் சுளித்தார். ஆனால் பிள்ளையை நிறுத்தவில்லை. அதிலிருந்து ரசீதிலேயே டியூஷன், சாப்பாடு, வேன், டே கேர் என்று தனித்தனியாகப் பிரித்து அச்சடித்துவிட்டேன். புது வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது என்பதால் இப்போது இந்தக் கூட்டம் குறைந்திருக்கிறது.

ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். பலர் விட்டுவிடுகிறார்கள்.

கோவை, சரவணம்பட்டி:

திருப்பூர் அக்கா, அந்த அட்டையை ஒரு படம் எடுத்துப் போடுங்களேன்.

முன்பணத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. அதை நான் வரவில் சேர்ப்பதே இல்லை, தனி சேவிங்ஸ் கணக்கில் கிடக்கும். ஜூனில் எல்.கே.ஜி. போகிற பிள்ளைகள் ஒரே சமயத்தில் விலகுவார்கள், எல்லாருக்கும் ஒரே வாரத்தில் திருப்பித் தர வேண்டியிருக்கும். நீங்கள் எல்லாரும் அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கடைசி மாத ஃபீஸில் கழித்துவிடுகிறீர்களா?