சர்க்கரை நோயாளிக்கு சி.பி.கே 612: கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

தென்கரை:
அப்பாவுக்கு வயது 57, 11 வருடமாகச் சர்க்கரை. எச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8.4. சர்க்கரைக்கு மெட்பார்மின், கிளிமிபிரைடு; கொழுப்புக்கு இரவில் அட்டோர்வாஸ்டாடின் 40 மி.கி (ஸ்டாடின் வகை). டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பில் ஒரு வகை) ஏறியதால் இரண்டு மாதமாக பெனோபைப்ரேட் 145-ம் (பைப்ரேட் வகை) சேர்ந்திருக்கிறது. பாத எரிச்சலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இடுப்பில் பி12 ஊசி. இரண்டு தொடையும் வலிக்கிறது என்றதால் சி.பி.கே (தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் நொதி) எடுத்தோம்: 612. லேப் வரம்பு 39–308. ஈரல் சோதனையில் எஸ்.ஜி.ஓ.டி 61, எஸ்.ஜி.பி.டி 48; சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் 1.1. நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் எதுவும் இல்லை. டாக்டரை வியாழக்கிழமைதான் பார்க்க முடியும். இது இதயமா, ஈரலா, சர்க்கரையா? மாத்திரையை இன்றே நிறுத்தலாமா?

சோதனைக்குழாய்:
612 என்ற எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள்; மேல் வரம்பால் வகுங்கள். 612-ஐ 308-ஆல் வகுத்தால் சுமார் 2 மடங்கு. மருத்துவர்கள் கவலைப்படும் படிகள் 4 மடங்கும் 10 மடங்கும்தான். 10 மடங்கைத் தாண்டினால் ஸ்டாடினை உடனே நிறுத்தி, சிறுநீரகத்தைப் பார்ப்பார்கள். உங்கள் அப்பா அந்த எல்லைக்கு வெகு கீழே.

இனி ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய வாரத்தைக் கேளுங்கள். தசையில் போடும் ஊசியே சி.பி.கே-யை ஏற்றிவிடும். இடுப்பில் போடும் பி12 அந்த வகை. இன்சுலின் தோலுக்கடியில் போவதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை. பழக்கமில்லாத உடல் வேலையும் அப்படித்தான்: மூட்டை தூக்குவது, மாடிப்படி ஏறி இறங்குவது, திடீரென்று தொடங்கிய ஜிம். வேலை செய்த ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் அளவில் இறங்கும். ஊசியும் கடும் வேலையும் இல்லாமல் 7 நாள் விட்டு, அதே லேபில் திரும்ப எடுங்கள். வெறும் வயிறு தேவையில்லை.

எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி இரண்டும் தசையிலிருந்தும் வரும். கூடவே ஜி.ஜி.டி பாருங்கள்; அது தசையிலிருந்து வராத ஈரல் நொதி. அது சரியாக இருந்தால் ஈரல்மேல் சந்தேகம் குறையும். இதயத்துக்கு சி.பி.கே சரியான சோதனையே அல்ல, அதற்கு ட்ரோபோனின். ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலும் மாரடைப்பு வரும். வியர்வை, மூச்சிரைப்பு, தாடை அல்லது கை வலி வந்தால் வியாழன்வரை காத்திருக்க வேண்டாம்.

மருந்துப்பட்டி:
மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரையுள்ளவருக்கு மாரடைப்பைத் தடுப்பதில் ஸ்டாடினுக்குப் பெரிய பங்கு உண்டு. 2 மடங்கு சி.பி.கே-க்காக அதைத் தூக்கிப்போடுவது நஷ்ட வியாபாரம். வலி தாங்க முடியவில்லை என்றால் டாக்டருக்கு போன் செய்து கேளுங்கள்.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது பெனோபைப்ரேட். பைப்ரேட் சேரும்போது தசைத் தொல்லைக்கான வாய்ப்பு கூடும் (அதே வகையில் ஜெம்பைப்ரோசில் என்றால் இன்னும் மோசம், அதை ஸ்டாடினோடு கொடுக்கவே கூடாது). சிறுநீரகம் மந்தமானால் பெனோபைப்ரேட் உடம்பில் தேங்கும்; அதனால் கிரியாட்டினினை விடாமல் கவனியுங்கள். இடையில் சளி, காய்ச்சலுக்கு கிளாரித்ரோமைசின் எடுத்தாரா? பூஞ்சைத் தொற்றுக்கு இட்ராகொனசோல்? இரண்டும் ரத்தத்தில் அட்டோர்வாஸ்டாடின் அளவை ஏற்றிவிடும். படர்தாமரைக்குக் கடையில் கேட்டு இட்ராகொனசோல் வாங்கிச் சாப்பிடுவது நம் ஊரில் சாதாரணம். டாக்டரிடம் சொல்லவும் மாட்டார்கள். மெட்பார்மின் சி.பி.கே-யை ஏற்றாது.

தென்கரை:
நன்றி. கடைசி ஊசி ரத்தம் எடுப்பதற்கு முந்தைய நாள் மாலை. தைராய்டு பார்த்து மூன்று வருடம் ஆகிறது. ஆன்டிபயாடிக் எதுவும் இல்லை.

வடக்குவீதி:
அப்படியானால் திரும்ப எடுக்கும்போது தைராய்டுக்கான டி.எஸ்.எச் சோதனையையும் சேர்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தால் சி.பி.கே ஏறும், கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் ஏறும், ஸ்டாடின் தசைவலியும் எளிதாக வரும். தைராய்டைச் சரிசெய்யாமல் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. வைட்டமின் டி, பொட்டாசியம் இரண்டும் பார்க்கலாம்.

வலி எப்படி என்பதும் முக்கியம். ஸ்டாடின் வலி பெரும்பாலும் இருபக்கமும் ஒரே மாதிரி, தொடை, இடுப்பு, கெண்டைக்காலில். நரம்புப் பாதிப்பு பாதத்தில் எரிச்சலாகவும் மதமதப்பாகவும் தொடங்கும், இரவில் கூடும். ஒரு தொடை மட்டும் திடீரென்று வீங்கிக் கடுத்தால் கதை வேறு: நீண்டநாள் கட்டுப்பாடில்லாத சர்க்கரையில் தொடைத்தசைக்கு ரத்தம் போகாமல் அழுகுவது உண்டு. அதில் சி.பி.கே சரியாகவே இருக்கக்கூடும் என்பதால் எண்ணை நம்பி உட்காராதீர்கள், எம்.ஆர்.ஐ வேண்டியிருக்கும்.

சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாவிட்டாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை 500, 600 என்று ஏறி, உடம்பு வற்றி மயக்கம் தட்டும் நிலையிலும் சி.பி.கே மளமளவென்று ஏறும். 8.4 எச்.பி.ஏ.1.சி மட்டும் அப்படிச் செய்யாது.

மறுசோதனையிலும் ஏற்றமும் வலியும் இருந்தால் டாக்டர் ஸ்டாடினை 2 முதல் 4 வாரம் நிறுத்திப் பார்ப்பார். இறங்கினால் ரோசுவாஸ்டாடின் 5 மி.கி போலக் குறைந்த அளவில் மறுபடி தொடங்குவார், அல்லது ஸ்டாடின் அல்லாத கொழுப்பு மாத்திரையான எசெடிமைப் 10 மி.கி சேர்ப்பார். நிறுத்தி இரண்டு மாதமாகியும் இறங்காமல், கூடவே தசை பலவீனமும் இருந்தால் எச்.எம்.ஜி.சி.ஆர் எதிர்ப்பொருள் சோதனை கேளுங்கள்; உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தசையைத் தாக்கும் நோயை அது காட்டும். அந்த நோய் அபூர்வம்தான், ஆனால் அதற்கு வைத்தியம் வேறு. வியாழக்கிழமை மாத்திரை அட்டைகள் அனைத்தையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், நாட்டு மருந்துப் பொடி ஏதும் சாப்பிட்டால் அதையும்.