பெயிண்ட் உதிராமல் கிதார் பாடியில் துளை போட்ட அனுபவம்

புது ஸ்விட்ச் வைக்க கிதார் பாடியில் துளை போட்டால் பெயிண்ட் பெயர்ந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாமல் போடலாம். முதலில் பெயிண்ட்டை மட்டும் திறக்க வேண்டும், மரத்தில் அதன் பிறகுதான் கை வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் துளைக்கப் போனால்தான் சிக்கல்.

சர்ச்சில் வாசிக்கும் தம்பி ஒருவர் தன் கறுப்பு கிதாரைக் கொண்டுவந்தார். பிக்கார்ட் (முகப்பை மூடும் பிளாஸ்டிக் தகடு) இல்லாத மாடல், பாட்கள் (வால்யூம், டோன் திருகுகளின் அடியில் இருக்கும் பாகம்) நேரடியாக மரத்தில் உட்காரும். ஹம்பக்கரை (கம்பியின் ஒலியை வாங்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) ஒற்றைச் சுருளாக, அதாவது சிங்கிள் காயிலாக மாற்ற ஒரு மினி டாகிள் ஸ்விட்ச் வேண்டும், பழைய சின்ன பாட்களை எடுத்துவிட்டு சிடிஎஸ் கம்பெனியின் பெரிய பாட்களும் போட வேண்டும். வால்யூம் துளைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே நகம் அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் சாதாரண ட்ரில் பிட்டை நேராக இறக்கியிருக்கிறார்கள். இப்போது வரும் பெரும்பாலான கிதார்களில் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன் பூச்சுதான். தடிமனாக, கெட்டியாக இருக்கும், ஆனால் வளைந்து கொடுக்காது. பிட்டின் சுருள் விளிம்பு அதைக் கவ்வி மேலே இழுத்தால் சில்லாகத் தெறிக்கும்.

“அண்ணே, உள்பக்கத்திலேர்ந்து துளை போட்டா இடம் பார்க்க ஈசிதானே?” என்று கேட்டார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பின்பக்கக் குழிக்குள்ளிருந்து வரும் பிட் கடைசியில் பெயிண்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அந்தப் பக்கம் அதைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை, பிளந்துவிடும். அளவை உள்ளே எடுக்கலாம், பாட்டும் ஸ்விட்ச்சும் ஒன்றோடொன்று இடிக்காதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். துளை மட்டும் முன்பக்கத்திலிருந்துதான்.

மாஸ்கிங் டேப்பை இரண்டு துண்டாக, துளையின் நடுவில் சந்திக்கும்படி ஒட்டினேன். பிறகு உரிக்கும்போது ஒவ்வொரு துண்டையும் வெளியிலிருந்து துளையை நோக்கி உரிக்கலாம், புது விளிம்பு மேலே இழுபடாது. குறி வைக்க சுத்தியலால் பஞ்ச் அடிக்கக் கூடாது, நட்சத்திரம் போல விரிசல் ஓடும். கூரான ஆணி முனையைக் கையால் திருகினாலே போதும். அப்புறம் கவுண்டர்சிங்க் பிட்டை (கூம்பு முனை உள்ளது) மாட்டி, ட்ரில்லை ரிவர்ஸில் மெதுவாகச் சுற்றவிட்டேன். ரிவர்ஸில் பிட் கவ்வாது, சுரண்ட மட்டும் செய்யும். கறுப்புத் தூள் வந்து, அடியில் வெளிர் நிறச் சீலர் (அடிப்பூச்சு) தெரிந்து, பிறகு மரத்தூள் வந்தது. அதுவரை பொறுமையாக இருந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மரத்தை மட்டும் முன்சுற்றில் 6.5 மி.மீ. பிட்டால் துளைத்தேன்.

பாட் துளைகளைப் பெரிதாக்க படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் பிட்தான் சரி. ஏற்கெனவே துளை இருக்கும் இடத்தில் பெரிய சாதாரண பிட்டை விட்டால் நடுவில் பிடிமானம் இல்லாமல் விளிம்பைக் கடிக்கும். சிடிஎஸ் பாட்டுக்கு 9.5 மி.மீ. வேண்டும். ஸ்டெப் பிட்டில் அந்த அளவு இல்லையென்றால் முந்தைய படியில் நிறுத்திவிட்டு, உருண்டை அரத்தால் வெளியிலிருந்து உள்நோக்கி மட்டும் தேய்க்கலாம்.

ஸ்ட்ராப் பட்டன், பிக்கப் ரிங் ஸ்க்ரூக்களுக்கும் இதே விதி. ஸ்க்ரூவுக்காக முதலில் போடும் சின்னத் துளையின் (பைலட் துளை) வாயில் பெயிண்ட்டைக் கொஞ்சம் சரிவாகச் சீவிவிடுங்கள். இல்லையென்றால் ஸ்க்ரூ மரத்தை மேலே உந்தும்போது சுற்றிலும் பெயிண்ட் வெடிக்கும். மரையில் மெழுகுவத்தி தேய்த்துக்கொண்டால் ஸ்க்ரூ சுலபமாக இறங்கும்.

பழைய காயத்துக்குக் கறுப்பு பெயிண்ட் தொட்டு, காய்ந்ததும் பெவிக்விக் பசையைச் சொட்டுச் சொட்டாக, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகு அடுத்தது என்று ஏற்றினேன். பிளேடின் இரு முனையிலும் டேப் சுற்றி, நடுப்பகுதி மட்டும் படும்படி சுரண்டிச் சமமாக்கி, 1000, 1500, 2000 வாட்டர் பேப்பர், கடைசியில் கார் ரப்பிங் காம்பவுண்ட். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் இடம் தெரிகிறது.

ஒன்று மட்டும் கவனம். உங்கள் கிதார் பழையதாக, நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசியதாக இருந்தால் டேப்பே பூச்சை உரித்துவிடலாம். ஃபெண்டர் 1960களின் கடைசியில்தான் பாலியெஸ்டருக்கு மாறியது, கிப்சன் அமெரிக்காவில் செய்யும் கிதார்களில் இன்றும் நைட்ரோதான் வழக்கம். சந்தேகம் இருந்தால் பாட்கள் இருக்கும் கண்ட்ரோல் குழிக்குள் பெயிண்ட் வழிந்திருக்கும் இடத்தில் பஞ்சில் ஒரு துளி அசிட்டோன் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் நைட்ரோ. அப்படிப்பட்ட கிதார் என்றால் நான் துளையே போட மாட்டேன். ஸ்விட்ச் வேண்டுமென்றால் மேலே இழுத்தால் ஸ்விட்ச்சாகவும் வேலை செய்யும் புஷ்-புல் பாட் போட்டுவிடுவேன், புதுத் துளைக்கே வேலை இல்லை.