ஸ்டேடியத்துக்கு வரிப்பணம்: நானூறு பக்க ஒப்பந்தத்தில் எதை முதலில் படிப்பது?

வரிக்குதிரை:
அமெரிக்காவில் ஒரு நகரமோ கவுன்டியோ (நம் மாவட்டம் மாதிரி) ஸ்டேடியத்துக்குப் பணம் தரப்போகிறது என்றால் ஆவணத்தைக் கடைசி நேரத்தில்தான் வெளியே விடுகிறார்கள். நானூறு பக்கம் இருக்கும். வாக்கெடுப்புக்கு மூன்று நாள் இருக்கும். பொதுமக்கள் பேசும் நேரத்தில் வருகிறவர்கள் எல்லாரும் "கோடீஸ்வரனுக்கு எங்கள் பணமா" என்று கேட்டுவிட்டு உட்கார்கிறார்கள். மன்ற உறுப்பினர்கள் தலையாட்டிவிட்டு நிறைவேற்றிவிடுகிறார்கள். கோபம் நியாயம்தான், ஆனால் அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் கட்டாயமில்லை. பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வியாகக் கேட்க என்ன செய்யலாம்? எந்த ஷரத்தைப் பார்ப்பது, பணம் எங்கே ஒளிகிறது, ஊழல் இருந்தால் தடயம் எந்தக் காகிதத்தில் கிடைக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஷரத்துசாமி:
மொத்தத் தொகையை முதலில் விட்டுவிடுங்கள். அதைப் பேசவைத்துத்தான் எல்லாரையும் களைப்பாக்குவார்கள். நேராக, அணி மைதானத்தைக் குத்தகைக்கு எடுக்கும் ஒப்பந்தத்துக்குப் போங்கள். வெட்டுகிற இடம் அதுதான்.

முதலில் செலவு மீறல். கட்டுமானச் செலவு மதிப்பீட்டைத் தாண்டினால் யார் தலையில் விழும்? பஃபலோவில் 2022இல் நியூயார்க் மாநிலம் 60 கோடி டாலர், எரி கவுன்டி 25 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. அவ்வளவு தந்தது சரியா என்பது தனிச் சண்டை. ஆனால் மீறல் முழுக்க அணியின் பொறுப்பு என்று எழுதிவைத்தார்கள். 140 கோடி என்று சொன்ன ஸ்டேடியம் பிறகு 200 கோடியைத் தாண்டியது. அந்த வரி மட்டும் இல்லாமல் போயிருந்தால் அந்த வித்தியாசம் யாரைத் தேடி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே ஒரு தந்திரம் உண்டு. "மீறல் அணியுடையது" என்று ஒரு பக்கத்தில் இருக்கும். சொற்பொருள் விளக்கப் பகுதியில் "ஸ்டேடியம்" என்றால் கட்டடம் மட்டும் என்று இருக்கும். சாலை, சாக்கடை, மின்தடம் மாற்றுவது, மண்ணில் கிடக்கும் மாசை அகற்றுவது எல்லாம் அந்த விளக்கத்துக்கு வெளியே நின்று நகரத்தின் கணக்கில் ஏறும். அதனால் விளக்கப் பகுதியைப் படிக்காமல் வேறெதையும் படிக்காதீர்கள்.

அடுத்தது தர ஷரத்து. செயின்ட் லூயிஸ் டோம் குத்தகையில், 2005இலும் 2015இலும் அந்த மைதானம் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் மைதானங்களிலேயே முதல் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி விலகிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. மற்ற ஊர்கள் புதிதாகக் கட்டக் கட்ட நம் கட்டடம் தானாகவே பின்னுக்குப் போகும். ஓடுகிற ரயிலைத் துரத்திப் பிடிப்பேன் என்று கையெழுத்துப் போட்டது மாதிரி. 2016இல் அங்கே ஆடிய ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. பிறகு வழக்கில் 2021இல் 79 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது உண்மை, ஆனால் அந்தப் பணம் குத்தகையால் வந்ததல்ல. லீக் தன் இடமாற்ற விதிகளையே மீறியது என்ற வாதத்தால் வந்தது.

சின்சினாட்டியின் ஹாமில்டன் கவுன்டி இன்னும் மோசம். 1996இல் விற்பனை வரியை அரை சென்ட் உயர்த்த வாக்காளர்கள் சம்மதித்தார்கள், சொத்து வரியில் சலுகை உண்டு என்ற வாக்குறுதியை நம்பி. கால்பந்து அணியின் குத்தகையில் வருங்காலத் தொழில்நுட்பங்களையும் கவுன்டியே வாங்கித் தர வேண்டும் என்று போட்டார்கள். ஹோலோகிராம் ரீப்ளே கருவிகூட அந்தப் பட்டியலில் இருந்தது, அப்படி ஒன்று சந்தைக்கு வருவதற்கு முன்பே. வரி வசூல் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. வாக்குக் கொடுத்த சொத்து வரிச் சலுகையைப் பின்னாளில் வெட்டினார்கள்.

உத்தரவாத ஷரத்தும் பாருங்கள். சான் டியேகோ, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 60,000 டிக்கெட் விற்றதாக வைத்துக்கொண்டு குறைந்தால் நகரமே ஈடுகட்டுவதாக ஒப்புக்கொண்டது. காலியிருக்கைக்கு நகரம் காசு கொடுத்தது. கடைசியில் 2017இல் அணி கிளம்பிப் போய்விட்டது.

இட மாற்றத்தைப் பொறுத்தவரை, "போனால் இத்தனை டாலர் அபராதம்" என்பது பூட்டு இல்லை, விலைச்சீட்டு. புது ஊர் அந்த அபராதத்தையும் சேர்த்துக் கட்டிவிடும். "இங்கேயேதான் ஆட வேண்டும், மீறினால் நீதிமன்றத் தடை கேட்கலாம்" என்று இருக்க வேண்டும். 2001இல் மினசோட்டா ட்வின்ஸ் அணியையே கலைத்துவிட பேஸ்பால் லீக் நினைத்தபோது, பழைய மைதானக் குத்தகையைக் காட்டித்தான் 2002 சீசனை அங்கேயே ஆட வேண்டும் என்று நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள்.

பாண்டுராஜ்:
ஷரத்துசாமி சொன்னது செலவுப் பக்கம். கடன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் பெரிய குழி.

மயாமி பேஸ்பால் மைதானத்துக்காக 2009இல் கவுன்டி பாண்டு, அதாவது கடன் பத்திரம், வெளியிட்டது. அதில் 9.1 கோடி டாலர் அளவுக்கான ஒரு பகுதிக்கு மட்டும் கடைசியில் கட்ட வேண்டியது சுமார் 120 கோடி. பதின்மூன்று மடங்கு. காரணம், அவை ஆரம்ப வருஷங்களில் வட்டியே கட்டாமல் வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் வகைப் பாண்டுகள். கையெழுத்துப் போட்ட அரசியல்வாதியின் பதவிக்காலத்தில் பட்ஜெட்டில் ஒன்றும் தெரியாது. அவர் பேரனின் வரிச்சீட்டில்தான் தெரியும். எந்த ஒப்பந்தமானாலும் வருஷவாரித் தவணை அட்டவணையைக் கேளுங்கள். முதல் பத்து வருஷம் தட்டையாகவும் பின்னால் மலைபோலவும் இருந்தால் விஷயம் இதுதான்.

அப்புறம், அணி ஏன் இவ்வளவு குறைந்த வாடகை கட்டுகிறது என்று எல்லாரும் கேட்பார்கள். பேராசை மட்டும் காரணமல்ல, 1986 கூட்டாட்சி வரிச்சட்டமும் காரணம். ஒரு கட்டடத்தில் தனியார் பயன்பாடு 10 சதவீதத்துக்கு மேல் போய், கடன் தவணையிலும் 10 சதவீதத்துக்கு மேல் அந்தத் தனியார் தரும் பணத்தால் அடைந்தால், பாண்டு வட்டிக்கான வரிவிலக்கு போய்விடும். இரண்டும் சேர்ந்தால்தான் போகும். ஸ்டேடியத்தில் முதல் எல்லை எப்படியும் உடைந்துவிடும். அதனால் இரண்டாவதை உடைக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். வருஷத் தவணை 2 கோடி என்றால் அணியின் வாடகையிலிருந்து தவணைக்குப் போவது 20 லட்சத்தைத் தாண்டக்கூடாது. மிச்சம் பொது வரி. ஸ்டேடியங்களுக்கு மானியம் போகாமல் தடுக்கப் போட்ட விதி, உள்ளூர் வரியை இன்னும் ஆழமாக இழுக்கும் விதியாகிவிட்டது. 2000க்குப் பிறகு இப்படிக் கட்டிய அல்லது புதுப்பித்த 36 ஸ்டேடியங்களுக்குக் கூட்டாட்சி வரிப்பணத்திலிருந்து 320 கோடி டாலர் மானியம் போனது என்று புரூக்கிங்ஸ் நிறுவனம் 2016இல் கணக்குப் போட்டது. அதாவது அந்த மைதானத்தின் பெயரையே கேள்விப்படாதவர்களும் கட்டுகிறார்கள்.

பாண்டின் முழு விவர அறிக்கை எம்மா என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நகராட்சிப் பத்திர ஒழுங்குமுறை வாரியம் நடத்துவது. மேடையில் "அபாயமே இல்லை" என்றவர்கள், முதலீட்டாளருக்கான அந்த அறிக்கையில் அபாயங்களைப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். முதலீட்டாளரிடம் மறைத்தால் சட்டச் சிக்கல், அதனால்தான். அந்தப் பக்கத்தை அப்படியே மன்றத்தில் வாசியுங்கள்.

வரிக்குதிரை:
இருவருக்கும் நன்றி. "இது உள்ளூர்க்காரன் பணமே இல்லை, ஓட்டல் அறை வரி, வெளியூர்க்காரன்தான் கட்டுகிறான்" என்கிறார்களே? வேலைவாய்ப்பு என்றும் ஒரு பெரிய எண் காட்டுகிறார்கள். லஞ்சம் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

பாண்டுராஜ்:
ஓட்டல் வரியும் வசூலானபின் நகரத்தின் பணம்தான். வேறு எதற்கும் செலவிட முடியாதபடி சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது என்பார்கள். அந்தச் சட்டத்தை எழுதியது யார், ஸ்டேடியத்துக்காகவே எழுதியதா என்று பாருங்கள். லாஸ் வேகஸில் 75 கோடி டாலருக்காக அறை வாடகையில் 0.88 சதவீதம் புதிதாகச் சேர்த்தார்கள். 2020இல் அறைகள் காலியானதும் கையிருப்பு நிதியிலிருந்து எடுத்துத் தவணை கட்ட வேண்டி வந்தது. கையிருப்பும் தீர்ந்தால் அடுத்து யார் என்பதையும் ஒப்பந்தத்தில் தேடுங்கள்.

வேலைவாய்ப்பு எண்ணைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கட்டுமான வேலை கட்டி முடிந்ததும் போய்விடும். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் லீக் ஆட்டம் வருஷத்துக்கு எட்டு ஒன்பதுதான். உள்ளூர்க் குடும்பம் அங்கே செலவழிப்பது திரையரங்கிலோ உணவகத்திலோ செலவழித்திருக்கும் அதே பணம். அதைக் கழிக்காமல் கூட்டியிருப்பார்கள். 2017இல் சிகாகோ பல்கலைக்கழகம் முன்னணிப் பொருளாதார அறிஞர்களிடம் கேட்டபோது 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உள்ளூர்ப் பலனைவிட வரி செலுத்துவோருக்கான செலவே அதிகம் என்றார்கள். இவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவதே அபூர்வம்!

நோட்டுப்புத்தகம்:
லஞ்சம் பற்றி. உறை கைமாறுவதைப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது தேர்தல் நன்கொடை வடிவத்தில் வரும், அல்லது விலைமதிப்பீட்டில் ஒளிந்திருக்கும்.

ஆனஹைமைப் பாருங்கள். அங்குள்ள பேஸ்பால் மைதானமான ஏஞ்சல் ஸ்டேடியத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் 32 கோடி டாலருக்கு விற்பதாகச் சொல்லி, மலிவு வீடு, பூங்கா என்று கழிவு கொடுத்து ரொக்கத்தை 15 கோடி அளவுக்கு இறக்கினார்கள். உபரிப் பொது நிலத்தை முதலில் மலிவு வீடு கட்டுவோருக்குக் காட்ட வேண்டும் என்ற கலிஃபோர்னியாச் சட்டத்தை மீறியதாக மாநிலம் பிடித்தது. பிறகு 2022 மே மாதம் எஃப்பிஐ வாக்குமூலம் வெளியானது: பேரம் நடக்கும்போதே நகரத்தின் ரகசியத் தகவலை அணித் தரப்புக்குத் தந்து, பதிலுக்கு மேயர் ஹாரி சித்து பத்து லட்சம் டாலர் தேர்தல் ஆதரவை எதிர்பார்த்தார் என்று. அவர் பதவி விலகினார், மன்றம் விற்பனையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு அவர் ஒப்புக்கொண்ட குற்றங்களைக் கவனியுங்கள்: விற்பனை தொடர்பான மின்னஞ்சல்களை அழித்து விசாரணையைத் தடுத்தது, ஹெலிகாப்டர் வாங்கியதில் வரி ஏய்க்கப் பொய் சொன்னது, அதிகாரிகளிடம் பொய் சொன்னது. லஞ்சம் என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை. அழித்த மின்னஞ்சல்தான் அவரை மாட்டிவைத்தது.

எனவே மின்னஞ்சலைக் கேளுங்கள். நகரத்துக்கும் கவுன்டிக்கும் கூட்டாட்சித் தகவல் சட்டம் பொருந்தாது; மாநிலப் பொது ஆவணச் சட்டத்தின் கீழ்தான் மனு போட வேண்டும். "ஸ்டேடியம் பற்றிய எல்லாம்" என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுப்பார்கள். இன்னின்ன அதிகாரி, அணியின் இணைய முகவரி, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று குறுக்கிக் கேளுங்கள். அதிகாரியின் சொந்த ஃபோன் குறுஞ்செய்திகளையும் சேருங்கள். கூடவே நாட்காட்டிப் பதிவு, நிலமதிப்பீட்டாளருக்குத் தந்த உத்தரவுக் கடிதம். மதிப்பீட்டாளரிடம் "ஸ்டேடியம் அங்கேயே இருக்கும் என்று வைத்து மதிப்பிடு" என்று சொல்லியிருந்தால் நிலத்தின் விலை சரிந்துவிடும், மதிப்பீட்டாளர் ஒரு பொய்யும் எழுதாமலேயே. கலிஃபோர்னியாவானால் நன்கொடைக்குப் படிவம் 460, உறுப்பினரின் சொந்த முதலீடு, வருமானத்துக்குப் படிவம் 700.

எதிர்க்கட்சி:
எல்லாமே திருட்டு என்ற தொனி எனக்கு உடன்பாடில்லை. மினசோட்டாவில் கால்பந்து மைதானத்துக்கு மின்னணுச் சூதாட்டச் சீட்டு வரியை நம்பினார்கள், முதல் வருஷம் வசூல் படுத்துவிட்டது, எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அதே வரி கொட்டோ கொட்டென்று கொட்டி, 2023இல் மாநிலம் கடனை இருபது வருஷம் முன்னதாகவே அடைத்துவிட்டது. வாக்கெடுப்பு வைத்தால் எல்லாம் சரியாகும் என்பதும் இல்லை. சியாட்டில் இருக்கும் கிங் கவுன்டியில் 1995 செப்டம்பரில் பேஸ்பால் மைதான வரியை மக்கள் சொற்ப வித்தியாசத்தில் நிராகரித்தார்கள். அக்டோபரிலேயே மாநிலச் சட்டமன்றம் கூடி, அவசரச் சட்டம் என்று முத்திரை குத்தி, வேறு வரிகளால் நிறைவேற்றிவிட்டது. மாநில உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது.

ஷரத்துசாமி:
கடன் சீக்கிரம் அடைந்ததால் அந்தச் செலவு சரியாகிவிடாது, எதிர்க்கட்சி ஐயா. அந்தச் சூதாட்ட வரி பொது நிதிக்குப் போயிருக்கலாம். அவசர முத்திரை பற்றிச் சொன்னது மட்டும் தங்கம். தீர்மானத்தின் கடைசிப் பத்தியில் "உடனடியாக அமலுக்கு வரும்" என்று இருந்தால், மக்கள் கையெழுத்து திரட்டி வாக்கெடுப்பு கேட்கும் வழியைப் பல மாநிலங்களில் அது அடைத்துவிடும்.

வரிக்குதிரை, மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் எதிர்ப்பு உரை எழுதாதீர்கள், திருத்தம் எழுதுங்கள். ஒரு உறுப்பினரைப் பிடித்து முன்மொழியச் சொல்லுங்கள். அணியை விற்றால் நகரத்துக்குப் பங்கு, அதுவும் மொத்த விற்பனை விலையில். மயாமியில் கழிவுகள் போக மிஞ்சும் லாபத்தில் 5 சதவீதம் என்று எழுதினார்கள். 2017இல் அணி 120 கோடிக்கு விற்றது, கணக்கில் நஷ்டம் என்று காட்டி ஒன்றும் தர வேண்டியதில்லை என்றார்கள், வழக்குப் போட்ட பிறகுதான் சொற்பம் கிடைத்தது. மைதானத்துக்கு ஒரு நிறுவனத்தின் பெயரைச் சூட்டும் உரிமைக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு பழுதுபார்ப்பு நிதிக்கு. ஒப்பந்தத்தின் இணைப்புகள் எல்லாம் முழுமையாக வெளிவந்து 30 நாள் கழித்தே வாக்கெடுப்பு. மிசோரி மாநிலத்தின் ஜாக்சன் கவுன்டியில் 2024 ஏப்ரலில் குத்தகை முடிவாகாமலே 40 வருஷ வரிக்கு வாக்குக் கேட்டார்கள், 58 சதவீதம் பேர் முடியாது என்றார்கள். உங்கள் ஆவணத்திலும் "இணைப்பு: பின்னர் சேர்க்கப்படும்" என்று எத்தனை இடத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.