பெப்டைடின் இடம்வலம் தங்கத்தில் பதிவதைக் கண்ட அனுபவம்

அமினோ அமிலங்கள் சங்கிலியாக இணைந்த பெப்டைடின் கைரல் தன்மை (இடக்கை, வலக்கை போலத் தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத இயல்பு) உலோகத் துகளின் உருவத்தையே முறுக்கிவிடும் என்பதை ஆய்வகத்தில் நேரில் கண்டிருக்கிறேன். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் கி டே நாம் குழுவினர் 2018இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முறையைத்தான் நாங்கள் பின்பற்றினோம். தங்க உப்பும் அஸ்கார்பிக் அமிலமும் உள்ள வளர்ப்புக் கரைசலில் எண்முக வடிவத் தங்க விதைத் துகள்களையும், மூன்றே அமினோ அமிலங்களாலான குளுட்டாத்தியோனை மிகச் சிறிதளவும் சேர்க்க வேண்டும். அஸ்கார்பிக் அமிலம் விழுந்ததும் மஞ்சள் கரைசல் நிறமிழக்கிறது. விதை சேர்ந்தபின் மெல்ல இளஞ்சிவப்பாகி, பிறகு கலங்கிய நீலமாகிறது.

குளுட்டாத்தியோன் ஒளியை உறிஞ்சுவது புற ஊதாப் பகுதியில் மட்டுமே. ஆனால் இடச்சுழி, வலச்சுழி ஒளிகள் உறிஞ்சப்படும் அளவிலுள்ள வேறுபாட்டைக் காட்டும் எங்கள் சிடி (வட்ட இருநிறத்தன்மை) நிறமாலையில் வலுவான வளைவு எழுந்ததோ கண்ணுக்குப் புலப்படும் சிவப்பொளிப் பகுதியில்! அங்கே ஒளிக்கு விடையளிப்பது பெப்டைடு அல்ல, தங்கத்தின் எலக்ட்ரான்கள். வளரும் துகளின் பரப்பில் இடம்புரியாகவும் வலம்புரியாகவும் அணுப்படி முனைகள் (அணு அடுக்குகளின் படிகள் மடங்கும் இடங்கள்) அமைகின்றன. பெப்டைடிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம் தங்கத்தைப் பற்றும்போது, மூலக்கூறின் வடிவம் காரணமாக இவ்விரண்டில் ஒருவகை முனையோடு கூடுதல் உறுதியாகப் பிணைகிறது. அதனால் இருவகை முனைகளும் ஒரே வேகத்தில் வளர முடியாமல் விளிம்புகள் முறுக்கிக்கொள்கின்றன. அக்குழுவினர் இத்துகள்களில் எட்டிய சமச்சீரின்மைக் காரணி (சராசரி உறிஞ்சலோடு ஒப்பிட்டு இடச்சுழி, வலச்சுழி ஒளிகளின் உறிஞ்சல் வேறுபாடு) 0.2; சிறு மூலக்கூறுகளில் இது பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை.

எனினும் என்னை முழுமையாக நம்பவைத்தது எதிர்வடிவச் சோதனைதான், அதாவது ஒரே மூலக்கூறின் எல், டி என்ற இரு கண்ணாடிப் பிம்ப வடிவங்களையும் ஒப்பிடுவது. டி வடிவக் குளுட்டாத்தியோனைவிட டி-சிஸ்டீன் எளிதில் கிடைப்பதால், டி-சிஸ்டீனையும் எல்-சிஸ்டீனையும் கொண்டு இச்சோதனையைச் செய்தோம். இரண்டு வளைவுகளும் சுழிக்கோட்டின் இருபுறமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைந்தன. இரண்டையும் சம அளவில் கலந்து வளர்த்த துகள்களில் குறிப்பிடத்தக்க சமிக்ஞை எதுவும் இல்லை.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நத்தானியேல் ரோசி குழுவினரின் வழி வேறு. அங்கே பெப்டைடு தன்னைத்தானே திருகுச் சுருளாக அடுக்கிக்கொண்டு, சாதாரணத் தங்கத் துகள்களை அச்சுருள்மீது வரிசைப்படுத்துகிறது. எந்த வழியைப் பின்பற்றினாலும், ஒளிச்சிதறலும் நேரியல் இருநிறத்தன்மையும் (ஒளியின் அதிர்வுத் திசைக்கேற்ப உறிஞ்சல் மாறுவது) பொய்யான சிடி வளைவைத் தரக்கூடும் என்பதால், எல் வடிவத்தின் நிறமாலையோடு நிறுத்தாமல் டி வடிவத்தையும் அளந்து, கரைசல் வைக்கும் ஒளிபுகு கலமான குவெட்டைத் திருப்பிவைத்தும் ஒருமுறை சரிபார்க்குமாறு இத்துறையில் புதிதாக நுழைவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.