கலக்கியா, ஆற்றியா, துழாவியா? பியர்ச் சாற்றுக்கான மோட்டார் கருவிக்கு ஒரு பெயர்

வணக்கம்.

வீட்டில் பியர் காய்ச்சுவதற்கான கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. ஒரு கருவிக்கு மட்டும் பெயர் படியவில்லை. அதன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மால்ட்டை (முளைக்கவிட்டு உலர்த்திய தானியம்) வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவுடன் ஒரு மணி நேரம் கொதிக்கும். அடுப்பை அணைத்ததும் அதை 100 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குச் சீக்கிரம் இறக்கியாக வேண்டும். அப்போதுதான் ஈஸ்ட் போட முடியும். செப்புக் குழாயைச் சுருளாக வளைத்துப் பானைக்குள் இறக்கி, உள்ளே குளிர்நீரை ஓடவிடுவது பலரும் செய்வது. சிக்கல் என்னவென்றால், சுருளை ஒட்டிய சாறு மட்டும் குளிர்ந்து ஒரு படலமாக நின்றுவிடும். வெளியேறும் நீரே காட்டிக்கொடுக்கும்: முதலில் கை வைக்க முடியாத சூடு, சிறிது நேரத்தில் வெறும் வெதுவெதுப்பு. பானைச் சாறோ இன்னும் 70 டிகிரியில் கிடக்கும். அந்தப் படலத்தை விடாமல் கலைத்துக்கொண்டிருக்கத்தான் இந்த மோட்டார் கருவி.

இப்போதைக்கு ‘குளிர்விப்புக் கலக்கி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். நாக்கு இடறுகிறது. அந்த இனிப்புச் சாற்றை ஆங்கிலத்தில் ‘வோர்ட்’ என்பார்கள், அதற்கும் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

——

> குளிர்விப்புக் கலக்கி

கலக்கி வேண்டவே வேண்டாம். ஆய்வகத்துக் காந்தக் கலக்கிக்கு அது சரி. ஈஸ்ட் வளர்க்கும் குடுவையில் எல்லாமே கலங்கியிருக்க வேண்டும். இங்கே கலக்கினால் கலங்கிவிடும் என்பதே சிக்கல். பானை அடியில் ஹாப்ஸ் சக்கையும் திரிந்த புரதமும் மண்டியாக இருக்கும். அதைத் தூளாக்கி மேலே கிளப்பிவிட்டால் பிறகு படிய வைக்கவே பெரும்பாடு.

நம் வினைச்சொற்களே வேகத்தைச் சொல்கின்றன. கடைவது காற்றை உள்ளே இழுக்கும். கிண்டுவது கெட்டியானவற்றுக்கு. ஆற்றுவது தூக்கி ஊற்றுவது, நுரைக்கும். துழாவுவது மட்டும்தான் அடியில் கிடக்கும் சாற்றை மெல்ல மேலே கொண்டுவருவது. இருட்டில் கையால் துழாவுவதும் இதே சொல்தான். அதை யாரும் விரைந்து செய்வதில்லை. ஆகவே ‘துழாவி’. நிமிடத்துக்கு 80 முதல் 120 சுற்று. அதற்கு மேல் போனால் அது துழாவி அல்ல, மத்து.

——

மேலே சொன்ன வேகத்துக்குக் கணக்கும் ஒத்துவருகிறது. 36 செ.மீ. விட்டமுள்ள பானை, 26 செ.மீ. உள்விட்டமுள்ள சுருள், நடுவில் முனைக்கு முனை 15 செ.மீ. அகலமான சாய்ந்த துடுப்பு என்று வையுங்கள். நிமிடத்துக்கு 100 சுற்றில் துடுப்பு முனையின் வேகம் நொடிக்கு சுமார் 0.8 மீட்டர். தேவைப்படும் திறன் ஏறக்குறைய அரை வாட். முறுக்குவிசை அரை கிலோ-செ.மீ. அளவுதான். அதனால் 12 வோல்ட்டில் ஓடும், 5 முதல் 10 கிலோ-செ.மீ. முறுக்குள்ள சின்ன கியர் மோட்டாரே தாராளம்; 2 ஆம்பியர் அடாப்டர் போதும்.

பலர் வண்டியின் வைப்பர் மோட்டாரைத் தேடிப் போகிறார்கள். வலுவானதுதான், வேகமும் ஏறக்குறைய பொருந்தும். ஆனால் துடுப்பு எதிலாவது சிக்கினால் அது நிற்காது, சுருளையே வளைத்துவிடும். வலு குறைந்த மோட்டார் சிக்கியதும் நின்றுவிடும் என்பது இங்கே ஒரு நன்மை.

வேகத்தைக் கூட்டுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். திறன், வேகத்தின் மும்மடிப்பெருக்கில் ஏறும். 100 சுற்றை 200 ஆக்கினால் அரை வாட் நான்கு வாட்டாகும். அந்தக் கூடுதல் எல்லாம் சுழி உண்டாக்குவதற்கும் மண்டியைக் கிளப்புவதற்கும்தான் போகும், சூடு இறங்குவது அந்த அளவுக்கு விரைவதில்லை. சுழியின் குழி துடுப்பைத் தொட்டால் ‘களக் களக்’ என்று காற்றை விழுங்கும் ஓசை கேட்கும். உடனே வேகத்தைக் குறையுங்கள். 25 டிகிரிக்குக் கீழே ஈஸ்டுக்கு ஆக்சிஜன் வேண்டும், அது வேறு. சுடச்சுட இருக்கும் சாற்றில் காற்று சேர்ப்பதைத் தவிர்ப்பதே நல்லது.

பெயரைப் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. ‘துழாவி’ வினையெச்சமாகவும் வருமே (“துழாவி எடுத்தான்”) என்பது மட்டும் ஒரு நெருடல்.

——

> வினையெச்சமாகவும் வருமே

‘மாற்றி’யும் வினையெச்சம்தான். மின்மாற்றியைப் பார்த்து யாரும் “எதை மாற்றி?” என்று கேட்பதில்லை. முன்னால் ஒரு சொல் ஒட்டினால் குழப்பம் போய்விடும்.

வோர்ட்டுக்கு ஒருவர் எனக்குத் தனி மடலில் ‘ஊறல்’ என்று எழுதியிருந்தார். ஊறல் என்றால் புளித்துக்கொண்டிருக்கும் சரக்கு என்றுதான் எல்லோருக்கும் பொருள்படும். வோர்ட் இன்னும் புளிக்காதது, ஈஸ்டையே பார்க்காதது. அதை ஊறல் என்றால் கையேட்டில் ‘ஊறலைக் கொதிக்க வைக்கவும்’ என்று வந்து, படிப்பவர் சாராயம் வடிக்கிறோம் என்றே நினைத்துக்கொள்வார். ‘முளைச்சாறு’ சரியாக இருக்கும். தானியத்தை முளைக்கவிட்டு உலர்த்தியதுதானே மால்ட். முளைகட்டிய பயற்றுச் சாறு என்று ஒருவர் மயங்கக்கூடும். முதல் இடத்தில் ‘மால்ட் முளைச்சாறு’ என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

புரதம் கெட்டியாகிப் பிரிவதற்கு ‘திரிவு’ என்று வைக்கலாம். பால் திரிவது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. கொதிக்கும்போது வருவது கொதித்திரிவு, குளிரும்போது வருவது குளிர்த்திரிவு.

——

‘குளிர்விப்பு’ என்ற சொல்லை யாரும் தொடவில்லையே. சூட்டைத் தணிக்க ‘ஆற்று’ என்ற அருமையான வினை இருக்கும்போது எதற்கு அந்த நீளம்? பெரும்பாணாற்றுப்படையில் அரிசியிலிருந்து மது செய்யும் பகுதியில் ‘துழவை’யும் வருகிறது, ‘ஆற்றி’யும் வருகிறது: துழாவிச் சமைத்த கூழை அகன்ற வாயுள்ள பிழா என்ற பாத்திரத்தில் ஆறவைத்து, அதன்பின் முளையைச் சேர்க்கிறார்கள். நாம் தேடும் இரண்டு வினையும் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘ஆற்றுதுழாவி’ என்று முன்மொழிகிறேன்.

——

> ஆற்றுதுழாவி

ஐயா, பொருள் அழகாக இருக்கிறது. ஒற்றுதான் பயமுறுத்துகிறது. வினைத்தொகையில் வலி மிகாது: சுடுசோறு, ஊறுகாய். ஆகவே ‘ஆற்றுதுழாவி’ சரியே. ஆனால் தட்டச்சு செய்பவர் கை பழக்கத்தில் ஒரு ‘த்’ போட்டால் ‘ஆற்றுத்துழாவி’ ஆகும். ஆற்றுப்படுகை, ஆற்றுத்தண்ணீர் போல. மணல் அள்ளும் இயந்திரம் என்றே எண்ணத் தோன்றும். சுருளை ‘ஆறுசுருள்’ என்றால் ஆறு வளையமா என்பார்கள். நீங்கள் சொன்ன நூலின் தலைப்பிலேயே ‘ஆற்று’ மூன்றாவதாக ஒரு பொருளில், வழி என்ற பொருளில், நிற்கிறதே! ஒரே ஒற்றை நம்பிக் கலைச்சொல் செய்யக் கூடாது. ‘சூடாற்று’ என்று முன்னொட்டுப் போட்டால் மயக்கம் இல்லை.

——

பெயர் முடிவாவதற்குள் பாகங்களைச் சொல்லிவிடுகிறேன். அவற்றுக்கும் சொல் வேண்டும்.

தண்டு: 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் 304 கம்பி, பானை ஆழத்தைவிட 5 செ.மீ. குறைவாக. துடுப்பு: 1.5 மி.மீ. தகட்டில் இரண்டு இதழ், 3 செ.மீ. உயரம், 45 டிகிரி சாய்வு, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். குளிர்ந்த சாறு கனமாகிக் கீழே இறங்கும் என்பதால், சாய்வு நடுச்சாற்றை மேலே தள்ளும்படி இருக்க வேண்டும். மோட்டாரின் கம்பிகளை மாற்றிப் போட்டால் திசை மாறிவிடும். சாறு முழுதும் துடுப்போடு சேர்ந்து சுழன்றால் பயனில்லை. சுருளின் வளையங்களே தடுப்பாக நின்று அதைக் கெடுத்துவிடுகின்றன, தனித் தடுப்பு தேவையில்லை.

இணைப்பு: 6 மி.மீ. மோட்டார் தண்டை 8 மி.மீ. தண்டோடு சேர்க்க விறைப்பான கப்ளிங். திருகுச்சுருள் போல் வெட்டிய வளையும் கப்ளிங்கை வாங்கிவிட்டு அவதிப்படுவது சகஜம். கீழே தாங்கி இல்லாததால் தண்டு சாட்டை போல வீசி சுருளில் மோதும். கிரப் ஸ்க்ரூ (கப்ளிங்கைத் தண்டோடு இறுக்கும் சிறு திருகு) உட்காரும் இடத்தில் தண்டை அரத்தால் தட்டையாக்குங்கள். இல்லையென்றால் பத்து நிமிடத்தில் தளர்ந்து, மோட்டார் மட்டும் சுற்றும், துடுப்பு சும்மா நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

மூடியில் மோட்டாரைப் பொருத்தாதீர்கள். பானை வாய்க்குக் குறுக்கே ஒரு சட்டம் போட்டு அதில் பொருத்துங்கள். 80 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை வேகவைத்த சோளவாடை தரும் டைமெத்தில் சல்ஃபைடு உருவாகிக்கொண்டே இருக்கும். ஆவி வெளியேற வேண்டும். 60 டிகிரிக்குக் கீழே கிருமிக்கு வசதியாகிவிடும், அப்போது சட்டத்துக்கு இருபுறமும் சுத்தமான மூடியோ தாளோ போட்டு மறைக்கலாம். தண்டையும் துடுப்பையும் கொதியின் கடைசி 15 நிமிடம் சாற்றிலேயே இறக்கி வையுங்கள். மோட்டாரை அடுப்பை அணைத்த பிறகே மாட்டுங்கள். ஆவி கியர்பெட்டிக்குள் போனால் ஆயுள் குறையும்.

துத்தநாகம் பூசிய போல்ட் சாற்றைத் தொடக் கூடாது. சாறு லேசான அமிலம், பூச்சு கரையும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சுப்பொறியால் அச்சிட்ட துடுப்பு 60 டிகிரியிலேயே குழைந்து தொங்கும்.

——

சுருக்கமாக ஒரு கேள்வி. எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

——

> எவ்வளவு நேரம்

குழாய் நீர் 15 டிகிரி என்றால், சாற்றுக்கும் நீருக்கும் உள்ள இடைவெளி 85. அது பாதியாகப் பாதியாகக் குறையும்: 100, 57, 36, 26, 20. நான்கு பாதிகள். நீரோட்டம் மாறாதவரை ஒவ்வொரு பாதிக்கும் ஒரே நேரம். ஒரு பாதிக்கு 4 நிமிடம் என்றால் மொத்தம் 16. துழாவாவிட்டால் அந்த 4 நிமிடம் இரண்டு மூன்று மடங்காக நீளலாம். நீரே 25 டிகிரி என்றால் எப்படித் துழாவினாலும் 20 வராது. கடைசிக் கட்டத்துக்கு ஐஸ் நீரைச் சிறு பம்பில் சுற்றவிட வேண்டும். முடிந்ததும் மோட்டாரை நிறுத்தி 15 நிமிடம் மண்டி படியவிட்டு, பிறகு சாற்றை எடுங்கள்.

இந்தக் கணக்கே பெயருக்கும் வழிகாட்டுகிறது. 20 லிட்டரை 80 டிகிரி இறக்க சுமார் 6.6 மெகாஜூல் வெளியேற வேண்டும். 16 நிமிடத்தில் என்றால் சராசரி 7 கிலோவாட். அத்தனையும் எடுத்துப்போவது சுருள். நம் மோட்டார் கருவியோ சாற்றுக்குள் அரை வாட்டைச் சேர்க்கிறது, கணக்குப்படி சூடாக்குகிறது! ஆற்றும் பெயரை ஆற்றாத கருவிக்கு ஏன் கொடுக்க வேண்டும்? சுருளுக்கு ‘சூடாற்றுசுருள்’. கருவிக்கு ‘மின்துழாவி’. மால்ட்டை ஊறவைக்கும்போதும் இதே கருவி உதவும், அங்கே ஆற்றும் வேலையே இல்லை.

——

மின்துழாவி, சூடாற்றுசுருள், முளைச்சாறு, திரிவு: எடுத்துக்கொண்டேன். சுழலும் பாகம் ‘துடுப்பு’. கியர்பெட்டி கிரீஸ் இளகித் தண்டு வழியே இறங்கும் என்று படித்தேன். அதைத் தடுக்கக் கப்ளிங்குக்குக் கீழே 4 செ.மீ. சிலிக்கோன் வட்டு செருகலாமா? ‘சொட்டுத்தடை’ என்று எழுதட்டுமா?

——

செருக வேண்டும், துளி கிரீஸ் விழுந்தாலே பியரில் நுரை நிற்காது. ஆனால் தட்டையான வட்டு எதையும் தடுக்காது, விளிம்புவரை கொண்டுபோய்ச் சாற்றிலேயே சொட்டும், சுழலும்போது வீசியும் அடிக்கும். வாய் மேல்நோக்கிய சிறு சிலிக்கோன் கிண்ணம் வேண்டும். நடுவில் 7 மி.மீ. துளையிட்டு 8 மி.மீ. தண்டில் இறுக்கமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றித் துடைக்க வேண்டும். ‘சொட்டுக்கிண்ணம்’ என்று எழுதுங்கள், வாங்குபவர் வட்டு வாங்க மாட்டார்.