வீடு மாறிய காய்

'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்' என்ற ஜப்பானிய அனிமே தொடரில் மனதை அசைத்த இடம் எது என்ற கேள்விக்கு, இங்கே பலரும் இரண்டாம் பருவத்தில் ஹினா என்ற பள்ளிச் சிறுமி ஆற்றங்கரையில் அழும் காட்சியைத்தான் சொல்லியிருந்தீர்கள். எனக்கும் அதில் தொண்டை அடைத்தது. ஆனால் என்னை அசைத்த இடம் அதற்கு வெகு முன்னால் வந்துவிட்டது.

அப்போது நான் டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் தனியாகத் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடாத மழை. வேறு எதுவும் தோன்றாமல் 'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்' போட்டேன். சிக்கா உமினோவின் மங்காவிலிருந்து, அதாவது ஜப்பானியப் படக்கதையிலிருந்து, எடுத்த அனிமே; 2016 அக்டோபரில் தொடங்கி 2018 மார்ச் வரை 44 பகுதிகள் வந்தது. கதாநாயகன் ரெய் கிரியாமாவுக்கு 17 வயது, ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்தில் தொழில்முறை வீரன். தொடக்கத்தில் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. ஆற்றோரத்தில் சாமான் இல்லாத ஒரு வீட்டில் எழுகிறான், கிளம்புகிறான், பலகைக்கு முன் அமர்ந்து ஒரு பெரியவரை ஜெயிக்கிறான். தோற்றவர் அவனை வளர்த்த அப்பா என்று பிறகுதான் தெரிகிறது.

ரெய் சிறுவனாக இருக்கும்போதே ஒரு விபத்தில் அவனைப் பெற்ற அப்பா, அம்மா, தங்கை மூன்று பேரும் போய்விடுகிறார்கள். அப்பாவின் நண்பரும் பிறகு அவனை வளர்த்தவருமான கோடா, ஷோகி வீரர், அந்தச் சிறுவனிடம் "உனக்கு ஷோகி பிடிக்குமா?" என்று கேட்கிறார். பிடிக்கும் என்கிறான். அது பொய். போக வேறு வீடில்லாத பிள்ளை வேறு என்ன சொல்லும்? அந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள், அவர்களும் ஷோகி ஆடுகிறவர்கள். வந்தவன் அவர்களை மிஞ்சிவிடுகிறான். கோடா தன் சொந்தப் பிள்ளைகளிடம் ஆட்டத்தை விட்டுவிடச் சொல்கிறார். ரெய் தன்னை அடுத்த பறவையின் கூட்டில் பொரிந்த குயில் குஞ்சாக நினைத்துக்கொள்கிறான். அந்த ஊர்க் குயில் கண் திறப்பதற்கு முன்பே கூட்டிலிருக்கும் முட்டைகளை முதுகால் தள்ளி வெளியே போட்டுவிடும்.

இங்கேதான் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போனேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நான் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவன். அண்ணன் என்னைவிட எட்டு மாதம்தான் மூத்தவன், இரண்டு பேரும் ஒரே வகுப்பு. மதிப்பெண் அட்டை வந்தால் பெரியப்பா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துதான் கையெழுத்துப் போடுவார். ஒரு வார்த்தை திட்டமாட்டார். என் அட்டையில் பேனா சரசரவென்று ஓடும், அண்ணனுடையதில் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நிற்கிற நேரம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அண்ணன் தன் பாயைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான். அந்த வீட்டில் யாருமே கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் ஏழு வருடமும் இரண்டாம் தடவை சோறு போட வந்தால் "போதும் பெரியம்மா" என்று தட்டை மூடிக்கொள்வேன்.

ரெய்யும் அப்படித்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அகாரி, ஹினா, மோமோ என்று மூன்று சகோதரிகள். வா, சாப்பிடு என்று விடாமல் கூப்பிடுகிறார்கள். அவனுக்குப் போக ஆசை. போனால் பாரமாகிவிடுவோமோ என்று பயம். தனிமையை நிறையக் கதைகள் யாருமில்லாத நிலையாகவே காட்டுகின்றன. கூப்பிட ஆள் இருந்தும் வாசற்படியில் கால் தயங்குகிற தனிமையை இவ்வளவு சரியாகச் சொன்ன இன்னொரு தொடரை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஷோகி கற்றுக்கொண்டேன். 81 கட்டம், ஆளுக்கு 20 காய். செஸ் மாதிரிக் கறுப்பு வெள்ளை கிடையாது, எல்லாக் காயும் ஒரே நிறம். கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதை வைத்துத்தான் யாருடையது என்று தெரியும். வெட்டப்பட்ட காய் ஆட்டத்தை விட்டுப் போவதும் இல்லை. பிடித்தவர் அதைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, தன் முறை வரும்போது காலிக் கட்டத்தில் இறக்கலாம். அதே காய், அதே எழுத்து, முனை மட்டும் பழைய வீட்டைப் பார்த்து நிற்கும். இந்த விதியைப் படித்தபோது கோடா வீட்டு ரெய்தான் கண்முன் வந்தான்.

இன்னொரு விஷயம், ஆட்டம் முடிந்ததை அறிவிப்பவர் தோற்றவர்தான். தலை குனிந்து "மகெமஷிதா", அதாவது தோற்றுவிட்டேன், என்று அவரே சொல்ல வேண்டும். வளர்ப்பு மகனுக்கு முன்னால் கோடா அதைச் சொல்கிற நிமிடத்தை இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

கதையில் ரெய் நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போதே தொழில்முறை வீரனான ஐந்தாவது ஆள். மங்கா தொடங்கிய 2007இல் நிஜ ஜப்பானில் அப்படி நான்கு பேர்தான்: கதோ, தனிகவா, ஹபு, வதனபே. அனிமே தொடங்கிய அதே 2016 அக்டோபரில் சோதா ஃபுஜீ 14 வயதில் ஐந்தாவதாக வந்தார். அந்த டிசம்பரில் முதல் ஆட்டமே 76 வயது கதோவுடன். ஜெயித்தார். அங்கிருந்து தொடர்ந்து 29 வெற்றி. 2023இல் ஷோகியின் எட்டுப் பெரிய பட்டங்களும் அவர் கையில்.

ஒருநாள் மோன்சென்-நகச்சோவில் ரயில் மாறி சுகிஷிமாவில் இறங்கி, சுமிதா ஆற்றின் சூவோ பாலம் வரை நடந்தேன். ரெய் கடக்கிற பாலம் அதுதான். ஒரு கரையில் உயரக் கட்டடங்கள். சுகுதா பக்கம் சிவப்புக் கைப்பிடி போட்ட சின்னப் பாலமும், மீனையும் கடற்பாசியையும் சோயா சாஸில் காய்ச்சிய சுகுதானி விற்கும் பழைய கடைகளும். சாயங்காலக் காற்றில் இனிப்பும் உப்புமாக ஒரு வாசனை. பாலத்தின் நடுவில் நின்று அண்ணனுக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து அவனே கூப்பிட்டு, "என்னடா, எதாவது பிரச்சனையா?" என்றான். இல்லை, சும்மாதான் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அங்கே குளிர் எப்படி என்று கேட்டான். சொன்னேன்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது பெரியம்மா வீட்டில்தான் சாப்பாடு. அண்ணனும் பக்கத்திலேயே உட்கார்ந்தான். ரசம் முடிகிற நேரத்தில் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க பெரியம்மா" என்றேன். போட்டுவிட்டு, பழுதான மிக்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.